கோட்டையடியில் ஜியோகேஷிங்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆவணி லீவுக்கு லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து வரும் சொந்தக்காரப் பிள்ளைகள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மாமா, இங்க பக்கத்தில கேஷ் இருக்கா?" என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் எங்கள் பக்கத்தில் பலருக்கு இப்படியொரு விளையாட்டு இருப்பதே தெரியவந்தது. இப்போது ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஆசை வந்துவிட்டது. பழைய கோட்டை என்றால் இங்கே முதலில் ஞாபகம் வருவது பூநகரி, அடுத்தது அரிப்பு. அந்தப் பக்கம் போக நினைப்பவர்கள் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை.

ஜியோகேஷிங் என்றால் என்ன?

ஒருவர் ஓரிடத்தில் 'கேஷ்' எனப்படும் சின்னப் பெட்டியொன்றை ஒளித்துவைத்துவிட்டு, அந்த இடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜீபிஎஸ் உள்ள போனோடு போய்த் தேடுவார்கள். கண்டுபிடித்தால் உள்ளேயிருக்கும் கொப்பியில் பெயரையும் திகதியையும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே, இருந்தபடியே வைத்துவிட வேண்டும். பெட்டிக்குள் திறப்புக்கோர்வை, குட்டிக் கார், நாணயம் என்று சில்லறைச் சாமான்கள் கிடக்கும். ஒன்றை எடுத்தால் அதற்குச் சமமானதை வைக்க வேண்டும். தின்பண்டம் வைக்கக்கூடாது, எறும்பு வந்துவிடும்.

2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு, பொதுமக்களுக்குப் போகும் ஜீபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வந்த பிழையை நிறுத்தியது. அதுவரை நூறு மீற்றர் அளவில் தடுமாறிய கருவிகள் திடீரென்று துல்லியமாகின. மே 3ஆம் திகதியே டேவ் உல்மர் என்பவர் ஒறிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்துவைத்து அதன் இடத்தை இணையத்தில் அறிவித்தார். அதே ஆண்டு செப்டெம்பரில் இதற்கென்று தனி இணையத்தளம் வந்தது. இன்றைக்கும் பெரும்பாலானோர் அதன் செயலியில்தான் விளையாடுகிறார்கள்.

வன்னிக் கோட்டைகளில் பெட்டி ஒளித்துவைக்கலாமா?

என்னைக் கேட்டால், வேண்டவே வேண்டாம். விளையாட்டு நல்லது, கோட்டைக்குப் போவதும் நல்லது. ஆனால் ஒளித்துவைத்த பெட்டியைப் பற்றைக்குள் கைவிட்டுத் தேடுவது எங்கள் மண்ணுக்குப் பொருந்தாது. காரணம் மூன்று.

முதலாவது கண்ணிவெடி. பூநகரியில் பெரிய இராணுவ முகாம் இருந்தது. 1993 நவம்பர் 11ஆம் திகதி விடுதலைப் புலிகள் அதைத் தாக்கினார்கள். பின்னர் அந்தப் பகுதி அவர்கள் கையில் இருந்து, 2008 நவம்பர் 15இல் இராணுவம் திரும்பக் கைப்பற்றியது. இவ்வளவு நடந்த நிலத்தில் மண்ணுக்குள் என்னென்ன போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ் போன்ற நிறுவனங்கள் பல வருடங்களாக வன்னி முழுக்கத் துப்புரவாக்கி வந்திருக்கின்றன. அதற்காக எந்தப் பற்றைக்குள்ளும் கண்ணை மூடிக்கொண்டு இறங்கலாம் என்று அர்த்தமில்லை. இங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்தது என்ன? தெரியாத பொருள் கிடந்தால் தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவர்களிடம் சொல். அதே பிள்ளையைக் கூட்டிக்கொண்டுபோய், "அந்தக் கல்லுக்குக் கீழே ஒரு தகரப்பெட்டி இருக்கும், இழுத்து எடு" என்று சொல்வதா? வெளிநாடுகளில் இந்த விளையாட்டுக்காரர்கள் மிகவும் விரும்பும் பெட்டி எது தெரியுமா? பழைய இராணுவ ரவைப் பெட்டி. தண்ணீர் போகாது, உறுதியானது என்பதற்காக அதைத் தேடி வாங்குகிறார்கள். பாலைமரத்தடியில் அப்படியொன்றைக் கண்டால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அந்த நாடுகளிலேயே இப்படியான பெட்டியைக் குண்டு என்று நினைத்து, பொலிஸார் வந்து தெருவை மூடிய சம்பவங்கள் நடந்திருக்கின்றன.

இரண்டாவது சட்டம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சேதப்படுத்துவதும் அதில் எழுதுவதும் கீறுவதும் குற்றம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவதும் குற்றம். நீங்கள் தோண்டவில்லை, வெறுமனே ஒரு கல்லை விலக்கிப் பெட்டி வைத்தீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். பின்னால் வருகிறவர்கள் எந்தக் கல் என்று தெரியாமல் பத்துக் கல்லை அசைத்துப் பார்ப்பார்கள். பழைய சுண்ணாம்புச் சாந்தில் நிற்கும் மதிலுக்கு அதுவே போதும். ஜியோகேஷிங் விதிகளும் இதைத்தான் சொல்கின்றன. தோண்டிப் புதைக்கக்கூடாது, தொல்பொருள் இடத்துக்குப் பாதிப்பு வரக்கூடாது, நிலத்துக்குப் பொறுப்பானவரின் அனுமதி வேண்டும்.

மூன்றாவது புதையல். இதற்குத் தனிக் கேள்வியே வேண்டும்.

எங்களைப் புதையல் தோண்ட வந்தவர்கள் என்று நினைத்துவிட மாட்டார்களா?

நினைப்பார்கள். அதில் பிழையும் இல்லை. பழைய குளக்கட்டிலும் கோயில் இடிபாட்டிலும் ஸ்கேனர் கருவியோடு புதையல் தோண்டப் போய் ஆட்கள் பிடிபடுவது பத்திரிகையில் அடிக்கடி வரும் செய்தி. இந்த நிலையில் நாலைந்து பேர் கையில் ஒரு கருவியோடு, மதிலோரம் குனிந்து குனிந்து, அம்புக்குறி காட்டுகிற பக்கம் திரும்பித் திரும்பி நடந்தால் ஊர்ச்சனம் வேறு என்ன நினைக்கும்?

பூநகரிப் பக்கத் தேத்தண்ணிக் கடையொன்றில் நடந்ததைச் சொல்கிறேன். நான் மேசையில் போனை வைத்து வரைபடத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து வாங்கில் இருந்த ஐயா எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, கோட்டையடியிலை என்ன பாக்கிறியள்?"

"ஒரு விளையாட்டு ஐயா. இடத்தைக் கண்டுபிடிக்கிறது."

"விளையாட்டோ?" என்றவர் குரலைத் தாழ்த்தி, "மெசின் என்ன விலை?" என்று கேட்டார்.

போன்தான் என்று காட்டினேன். நம்பினாரோ தெரியாது. கொஞ்ச நேரத்தில் கடைக்காரர், ஓட்டோக்காரர், இன்னும் இரண்டுபேர் என்று எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். கோட்டையைப் பற்றி அவர்கள் சொன்ன கதைகள் எந்தச் செயலியிலும் கிடைக்காதவை. ஆகவே ஒளித்து மறைத்துப் போகாதீர்கள். வெளிநாட்டில் இந்த விளையாட்டின் ருசியே மற்றவர் கண்ணில் படாமல் தேடுவதுதான். இங்கே நேர் எதிர்: முதலில் கடையில் இறங்கி, யார் என்ன என்று சொல்லிவிட்டுப் போங்கள். உலோகம் தேடும் கருவி, மண்வெட்டி, அலவாங்கு எதுவும் வாகனத்தில்கூட இருக்கக்கூடாது. பொலிஸ் மறித்தால் விளங்கப்படுத்தவே முடியாது.

பெட்டி இல்லாமல் என்ன விளையாட்டு?

தாராளமாக விளையாடலாம். பெட்டியே இல்லாத வகைகள் இந்த விளையாட்டில் உண்டு. ஓரிடத்துக்குப் போய், அங்கே நின்றால்தான் தெரியக்கூடிய ஒன்றைப் பார்த்துப் பதில் அனுப்புவது ஒரு வகை. பாறை, மண், கடலரிப்பு போன்றவற்றைக் கவனித்துப் பதில் எழுதும் 'எர்த்கேஷ்' இன்னொரு வகை. 'அட்வெஞ்சர் லாப்' என்ற செயலியில் இடத்துக்குப் போனதும் கேள்வி திறக்கும். பொதுவான 'வேர்ச்சுவல்' வகையைப் புதிதாகப் போட எல்லாருக்கும் விடுவதில்லை என்பதை மட்டும் கவனியுங்கள்.

இணையத்தளத்தில் பதிவதே தேவையில்லை என்றால் இன்னும் சுலபம். உங்கள் பிள்ளைகளுக்கு நீங்களே ஒரு புதிர் எழுதலாம். பூநகரிக்கு இப்படி ஒன்று: போகவேண்டிய இடம் வ 9° 30.அஆஇ′ என்று கொடுங்கள். 'அ' என்பது கோட்டையின் கொத்தளங்களின், அதாவது மூலையில் வெளியே துருத்தி நிற்கும் காவல் மேடைகளின், எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்தால் வருவது. அங்கே கொத்தளம் இரண்டு, எதிரெதிர் மூலையில் நிற்கும். ஆகவே 1. 'ஆ' என்பது ஒல்லாந்தர் கோட்டையைப் பெருப்பித்த 1770 என்ற ஆண்டின் இலக்கங்களைக் கூட்டி ஆறைக் கழித்தால் வருவது. கூட்டினால் 15, கழித்தால் 9. 'இ' மட்டும் அங்கே போய் நின்று எண்ணினால்தான் தெரிய வேண்டும். அது படியாக இருக்கலாம், மதிலில் உள்ள துளையாக இருக்கலாம். அறிவித்தல் பலகையை நம்பிக் கேள்வி போடாதீர்கள். அடுத்த மாரி கழிந்து பார்த்தால் பலகை இருக்காது. நெட்டாங்குக்கும் இதேபோல மூன்று கேள்வி.

கடைசியில் ஒரு கொப்பியில் கையெழுத்துப் போட்டால்தான் பிள்ளைகளுக்குத் திருப்தி என்றால், கொப்பியை ஊர் நூலகத்தில் நூலகரிடம் கேட்டு வையுங்கள். நிழல் இருக்கும், கதிரை இருக்கும். தெரிந்த கடையும் சரிதான். ஆனால் அதிகாரபூர்வ தளத்தில் பதிவதென்றால் கடை சரிவராது. வியாபார இடத்துக்குள் ஆட்களை வரவழைக்கும் கேஷை அவர்கள் ஏற்பதில்லை.

பூநகரிக் கோட்டையில் அப்படி என்ன இருக்கிறது?

அளவை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். யாழ்ப்பாணக் கோட்டையை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். இது சதுரமான சின்னக் கோட்டை. ஒரு பக்க மதில் ஏறத்தாழ 30 மீற்றர், அவ்வளவுதான். போர்த்துக்கேயர் கட்டியது. யாழ்ப்பாணத்தைப் பிடித்துவைத்திருந்தவர்களுக்குத் தெற்கே கடனீரேரியைக் கடந்து வன்னிக்குள் போய்வரும் துறையில் ஒரு காவல் வேண்டியிருந்தது. அந்த வேலையைத்தான் இது செய்தது. பிறகு ஒல்லாந்தர். பிறகு ஆங்கிலேயர் வந்து 1805இல் இங்கே தங்குமடம் கட்டினார்கள்.

ஏன் இந்த இடம் என்று விளங்க வேண்டுமானால், கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல் சங்குப்பிட்டிப் பாலம் வரை போங்கள். 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட பாலம். அதற்கு முன் இந்தத் துறையில் படகுப்பாதைதான். பாலத்தின் நடுவில் நின்று இரண்டு கரையையும் பார்த்தால், இந்தக் கழுத்தைப் பிடித்தவனிடம் யார் போனார், யார் வந்தார் என்ற கணக்கு முழுக்க இருந்திருக்கும் என்பது தெரியும். என் புதிரில் முதல் புள்ளி பாலம்தான், கோட்டை அதற்குப் பிறகு.

மதிலைக் கிட்டப் போய்ப் பாருங்கள், தொடாமல். வடபகுதிக் கடற்கரைக் கோட்டைகளில் முருகைக்கல் தாராளம். பூச்சு உதிர்ந்த இடத்தில் அதன் முகம் தெரியும். சின்னச் சின்ன வட்டங்கள், உள்ளே நட்சத்திரம்போல மெல்லிய கோடுகள். ஒவ்வொரு வட்டமும் ஒருகாலத்தில் கடலுக்குள் உயிரோடு இருந்த பூச்சி ஒன்றின் வீடு. பிள்ளைகளிடம், "இந்தக் கல் எங்கே பிறந்தது?" என்று கேளுங்கள். நல்ல எர்த்கேஷ் கேள்விக்கு இதற்குமேல் தேவையில்லை.

சுற்றுப்புறத்தில் ஓட்டுத் துண்டு, மட்பாண்டத் துண்டு கிடந்தால் ஞாபகத்துக்கென்று பொறுக்காதீர்கள். பூநகரி வெறும் போர்த்துக்கேயர் காலத்து ஊரில்லை. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் இந்தப் பகுதியில் செய்த ஆய்வுகளில் பெருங்கற்காலத்துக் கறுப்பு சிவப்பு மட்பாண்டங்கள் கிடைத்தன. மண்ணித்தலையில் சோழர் காலத்துச் சிவன் கோயிலின் இடிபாடும் இருக்கிறது. உங்கள் காற்சட்டைப் பைக்குள் போகும் துண்டு என்ன வயது என்று உங்களுக்குத் தெரியாது. சட்டப்படி அது அரசுக்குச் சொந்தம்.

அரிப்புக் கோட்டைக்கும் போக வேண்டுமா?

ஒரு நாள்தான் இருக்கிறது, ஒன்றுக்குத்தான் போகலாம் என்றால் நான் அரிப்பைச் சொல்வேன். மன்னார்ப் பெருநிலத்தில், சிலாபத்துறைக்குக் கிட்ட, அருவி ஆறு கடலில் விழும் பக்கத்தில் இருக்கிறது. இதுவும் போர்த்துக்கேயர் கட்டியதுதான். 1658இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது. இதுவும் சின்னது, இதற்கும் கொத்தளம் இரண்டுதான். ஆனால் இதனிடம் ஒரு கதை இருக்கிறது.

றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கில மாலுமி 1660இல் திருகோணமலைக்குக் கிட்டக் கொட்டியாரத்தில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டான். கண்டி ராச்சியத்துக்குள் பத்தொன்பது வருடத்துக்கு மேல் இருந்தான். சிறையில் அடைக்கவில்லை, ஊர்களில் விட்டுவைத்தார்கள், வெளியே மட்டும் போகமுடியாது. அவனும் ஸ்டீபன் றட்லண்ட் என்ற கூட்டாளியும் ஊர் ஊராகச் சாமான் விற்பவர்கள் போலத் திரிந்து வழி பார்த்து, கடைசியில் அநுராதபுரம் வந்து, அங்கிருந்து ஆற்றைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள்ளால் வடமேற்கே நடந்தார்கள். அந்த ஆறுதான் சிங்களத்தில் மல்வத்து ஓயா, எங்களுக்கு அருவி ஆறு. 1679 ஒக்டோபர் 18ஆம் திகதி பின்னேரம் அரிப்புக் கோட்டையை அடைந்தார்கள். ஒல்லாந்தர் சோறு போட்டு, மறுநாள் மன்னாருக்கு அனுப்பிவைத்தார்கள். வழியில் வன்னிக்குள் தமிழர் நாடு இருந்ததையும் அதன் அரசனின் பெயரையும் நொக்ஸ் எழுதிவைத்திருக்கிறான். பனங்காமத்துக் கைலை வன்னியன்தான் அது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். ஒல்லாந்தருக்குத் திறை கொடுக்க மறுத்துநின்றவன்.

ஜீபிஎஸ் இல்லை, வரைபடம் இல்லை, யானைக்கும் ஆளுக்கும் ஒளித்து, ஆறு போகும் திசையை மட்டும் நம்பி நடந்த இரண்டுபேர் வந்துசேர்ந்த இடத்துக்கு நாங்கள் அம்புக்குறி பார்த்துக்கொண்டு போகிறோம். ஆகவே அரிப்பில் புதிர் போடுவதென்றால் முதல் புள்ளியை ஆற்றங்கரையில் வையுங்கள். அங்கிருந்து போனைப் பையில் போடச் சொல்லிவிட்டு, வீதியோரமாக, திசையை மட்டும் சொல்லி நடத்துங்கள். கோட்டை கண்ணில் பட்டதும் போனை எடுக்கலாம்.

பக்கத்திலிருக்கும் 'டொரிக்' என்பது என்ன?

இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யக் கட்டிய மாளிகை. 1801க்கும் 1804க்கும் இடையில் எழும்பியது. கிரேக்கத் தூண் பாணியில் கட்டியதால் அந்தப் பெயர். செங்கல்லின்மேல் சிப்பிச் சுண்ணாம்புப் பூச்சு. இன்றைக்கு இருப்பது இடிந்த சுவர்களும் தூண் மிச்சங்களும். கடல் கரையை அரித்து அரித்து மாளிகையின் ஒரு பகுதியை ஏற்கெனவே எடுத்துவிட்டது.

கடலோர விளிம்புக்குப் போக வேண்டாம். மேலே நிற்கும் மண் உறுதியாகத் தெரியும், கீழே அலை குடைந்திருக்கும். படம் எடுக்கப் பின்னுக்குப் பின்னுக்குப் போகிறவர்களைக் கண்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். புள்ளியை நிலப்பக்கத்திலேயே, விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள்.

வேறு கோட்டைகள்?

மன்னார்க் கோட்டை. பாலத்தைக் கடந்து தீவுக்குள் நுழைந்ததும் வரும். 1560இல் போர்த்துக்கேயர் கட்டியது. ஒல்லாந்தர் 1658இல் பிடித்து, 1696இல் திருத்திக் கட்டினார்கள். 1795இல் ஆங்கிலேயரிடம் போனது. நான்கு கொத்தளம், அகழி எல்லாம் உண்டு. மன்னார்த் தீவு வன்னியா என்று சண்டை பிடிக்க வேண்டாம், தேர்தல் மாவட்டக் கணக்கில் வன்னிதான். அங்கே போனால் பள்ளிமுனையிலுள்ள பெருக்குமரத்தையும் ஒரு புள்ளியாகச் சேருங்கள். அடிமரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். எத்தனை பிள்ளைகள் கைகோத்தால் சுற்றிவரும் என்பதே கேள்வி.

முல்லைத்தீவில் பார்க்கக் கோட்டை இல்லை, கதை இருக்கிறது. 1803 ஓகஸ்ட் 25இல் பண்டார வன்னியன் பிரித்தானியரின் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றிய இடம். அதே வருடம் ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்ததாகச் சொல்லும் கல் ஒட்டுசுட்டான் பக்கத்தில் நாட்டப்பட்டது.

போன் காட்டும் இடம் எவ்வளவு சரியாக இருக்கும்?

வெட்டவெளியில் ஐந்து மீற்றர் அளவுக்குள் வரும். மரத்தடியிலும் உயரமான மதிலோரத்திலும் இன்னும் தள்ளும். பக்கமே 30 மீற்றர்தான் என்ற கோட்டைக்குள் ஐந்து மீற்றர் பிழை பெரிது. அங்கே அம்புக்குறி சுற்றிச் சுற்றி ஆடும். கோட்டை வாசல் வரைக்கும் போன், அதற்குப்பிறகு கண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் சறுக்குவது எண்ணை அடிப்பதில். ஜியோகேஷிங்கில் பாகையும் (°) தசமக் கலையும்தான் (′, பாகையில் அறுபதில் ஒரு பங்கு) வழக்கம்: 9° 30.190′ என்பதுபோல. கடைசி இலக்கம் ஒன்று மாறினால் இடம் இரண்டு மீற்றருக்குக் குறைவாகவே நகரும். ஆனால் வரைபடச் செயலியில் 9° 30′, 80° 12′ என்பதை 9.30, 80.12 என்று அடித்தால் கதை வேறு. செயலி அதைத் தசமப் பாகை என்று எடுத்துக்கொண்டு, தெற்கே ஏறத்தாழ 22 கிலோமீற்றரும் மேற்கே 9 கிலோமீற்றரும் தள்ளிக் காட்டும். பூநகரிக்கு வெளிக்கிட்டவர் முழங்காவில் பக்கம் நிற்பார். கலையை 60ஆல் பிரித்துப் பாகையோடு கூட்டுங்கள்: 30 ÷ 60 = 0.5, ஆகவே 9.5.

அங்கே சிக்னல் கிடைக்குமா?

ஜீபிஎஸ்ஸுக்குப் போன் சிக்னல் தேவையில்லை, அது செய்மதியிலிருந்து வருகிறது. வரைபடத்துக்குத்தான் டேட்டா வேண்டும். முதல்நாள் வீட்டிலேயே வரைபடத்தையும் கேள்விகளையும் இறக்கி வையுங்கள். வெயிலில் போன் சூடேறி பற்றரி வேகமாக இறங்கும், பவர் பேங்க் எடுங்கள். கேள்விகளை ஒரு தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

யாரிடம் கேட்க வேண்டும்?

இடம் தொல்பொருள் திணைக்களத்தின் பொறுப்பு. நாலுபேர் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கும், வகுப்பொன்றையே கூட்டிப்போய் விளையாட்டு நடத்துவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பிள்ளைகள் கூட்டமாக என்றால் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் கடிதம் கொடுங்கள். கிராம அலுவலருக்கு ஒரு போன் அடியுங்கள். அந்தப் பகுதியில் கண்ணிவெடி வேலை முடிந்துவிட்டதா என்பதையும் பிரதேச செயலகத்திலேயே கேட்கலாம். இதைக் கேட்க வெட்கப்படத் தேவையில்லை, அவர்களுக்கு இது புதுக் கேள்வியில்லை.

நடக்கும்போது என்ன கவனம்?

ஆட்கள் நடந்து நடந்து தேய்ந்த பாதையை விட்டு இறங்காதீர்கள். செயலி காட்டும் நேர்கோடு பற்றைக்குள்ளால் போனால் செயலியை விடுங்கள், பாதையைப் பிடியுங்கள். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை, குறுக்கே கட்டிய நாடா, குச்சிகளின் வரிசை எதைக் கண்டாலும் அதோடு நிற்க வேண்டும். வெள்ளம் வந்துபோன மாரிக்குப் பிறகு இன்னும் கவனம், மண்ணோடு சேர்ந்து வெடிபொருள் இடம் மாறும். சந்தேகமான எதையாவது கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி வந்து, 119க்கு அழைத்து இடத்தைச் சொல்லுங்கள். உங்கள் போனில் இருக்கும் அகலாங்கு நெட்டாங்கு அப்போது உண்மையிலேயே உதவும்.

பாம்பு: புடையனும் சுருட்டையும் இந்தக் கரையோர வரண்ட நிலத்தில் சாதாரணம். கல்லிடுக்கில் கைபோடாமலிருக்க இதுவும் ஒரு காரணம். செருப்போடு போகாதீர்கள், சப்பாத்து. கடித்துவிட்டால் வெட்டுவது, உறிஞ்சுவது, கட்டுப்போட்டு இறுக்குவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை அசையாமல் வைத்து உடனே ஆஸ்பத்திரி. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

வெயிலைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலை ஏழு மணிக்குக் கோட்டையில் நின்றால் பத்துக்குள் முடிக்கலாம். அரிப்புப் பக்கம் பின்னேரம் பிந்தவிட வேண்டாம், யானை இறங்கும் பகுதி.

யாரோ வைத்துவிட்டுப் போன பெட்டி செயலியில் காட்டினால்?

முதலில் பதிவைப் படியுங்கள். எப்போது வைத்தது, கடைசியாக யார் எப்போது கண்டார், பெட்டியின் படம் இருக்கிறதா என்று பாருங்கள். அண்மையில் பலர் கண்டிருந்து, பாதையோரத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய இடத்தில், படத்தில் உள்ளதே கிடந்தால் எடுத்துப் பார்க்கலாம். இதில் ஒன்று குறைந்தாலும் விட்டுவிடுங்கள். 'காணவில்லை' என்று பதிவதில் ஒரு மானக்கேடும் இல்லை. கோட்டை மதிலுக்குள் செருகியிருப்பதாகத் தெரிந்தால் அதைத் தளத்துக்கு அறிவியுங்கள், எடுத்துவிடச் சொல்வார்கள்.

லீவுக்கு வந்த பிள்ளை ஒன்றை வைத்துவிட்டுத் திரும்பிப் போகலாமா?

தளத்தில் ஏற்கமாட்டார்கள். பெட்டி நனைந்தால், தொலைந்தால் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் பொறுப்பானவர் இருக்க வேண்டும் என்பது விதி. ஊரிலிருக்கும் மச்சானோ மச்சாளோ பொறுப்பெடுத்தால் யோசிக்கலாம், அதுவும் கோட்டைக்கு வெளியே, சொந்தக் காணியில். ஒரு கேஷுக்கும் மற்றதுக்கும் இடையில் குறைந்தது 161 மீற்றர் இருக்க வேண்டும் என்பதையும் ஞாபகம் வையுங்கள். பூநகரிக் கோட்டை முழுவதும் அந்தத் தூரத்துக்குள் பலமுறை அடங்கிவிடும்.

எப்படிப் போவது?

கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து பரந்தன் - பூநகரி வீதி. யாழ்ப்பாணத்திலிருந்து நாவற்குழி, கேரதீவு, சங்குப்பிட்டிப் பாலம். யாழ்ப்பாணம் - மன்னார் பஸ் சில பூநகரிக்குள்ளால்தான் போகின்றன, வாடியடியில் இறங்கி விசாரியுங்கள். அரிப்புக்கு மன்னாரிலிருந்து சிலாபத்துறைப் பக்கம் போகும் பஸ். இரண்டு கோட்டையையும் ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் வாகனத்திலேயே பொழுது போய்விடும்.

போய்வந்த பிறகு பதிவில் என்ன எழுதுவது?

விடையை எழுதாதீர்கள், விடை தெரியும் படத்தையும் போடாதீர்கள். பாதை எப்படி இருந்தது, தண்ணீர் எங்கே கிடைத்தது, யார் உதவினார் என்பதை எழுதினால் அடுத்தவருக்குப் பயன். தமிழிலேயே எழுதலாம். குப்பைப் பை ஒன்று கொண்டுபோய் அங்கே கிடக்கும் போத்தல், பொலித்தீனைப் பொறுக்கிக்கொண்டு வருவது இந்த விளையாட்டில் உலகம் முழுக்க உள்ள பழக்கம். எங்கள் கோட்டைகளில் அதற்கு வேலை நிறைய.

ட்ரோன் விட்டு மேலிருந்து படம் எடுக்கலாமா?

சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் முடியாது. தொல்பொருள் இடம் என்றால் திணைக்களத்தையும் கேட்க வேண்டும். அவ்வளவு அலைச்சல் பட விருப்பமில்லையென்றால் செய்மதிப் படத்தைத் திறந்து பெரிதாக்குங்கள், சதுரமும் இரண்டு கொத்தளமும் அதிலேயே தெரியும்.